கால் எட்டுகிற சீட்

நான் வேலையிலிருந்து நின்ற பிறகும் கடைப் பிள்ளைகள் என்னை விடுவதாக இல்லை. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த சீட் கவர் கடையில் இப்போது தைக்கிறவர்கள் எல்லாரும் என்னைவிட வேகமாகத் தைக்கிறார்கள். ஆனாலும் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு யாராவது வந்து, வீட்டிலேயே பைக்கை மாற்றி அமைக்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது, எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டுவிட்டால் எனக்குப் போன் வந்துவிடும். சீட்டில் ஆரம்பிக்கச் சொல் என்பேன். எதிர்முனையில் ஒரு சின்ன ஏமாற்றம் கேட்கும். ஹேண்டில்பார், சைலன்ஸர், டேங்குக்கு மினுமினுப்பு இல்லாத கறுப்பு பெயிண்ட் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

ஒவ்வொரு தடவையும் போனில் சொல்வதற்குப் பதிலாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் அக்கா என்று கடையில் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன். இந்த ஊரில் என்னை சீட் ரோஸ் அக்கா என்றால் ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். பெருவிரல் மூட்டு தேய்ந்துபோய் ரெக்சினை இழுக்க முடியாமல் ஆனதால் வேலையை விட்டேன். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஏன் சீட் என்று கேட்டால், இரண்டு நட்டைக் கழற்றினால் அது கையோடு வந்துவிடும். வண்டியை எங்கேயும் கொண்டுபோய்ப் போட வேண்டாம். அடுப்படித் தரையில் வைத்து வேலை பார்க்கலாம். சைலன்ஸரை மாற்றினால் போலீஸ்காரர் வழிமறிப்பார். சீட்டைத் தடவிப் பார்த்து அபராதம் எழுதிய போலீஸ்காரரை நான் கேள்விப்பட்டதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, வண்டியில் மனிதனுடைய முழுப் பாரமும் இறங்குகிற இடம் அது ஒன்றுதான். ஆனால் வருகிறவர்கள் வந்ததும் வராததுமாக சிவப்பு நூல் போட்டுத் தைப்பீர்களா என்றுதான் கேட்பார்கள். எனக்கு அங்கேதான் கோபம் வரும். நீ அதில் உட்காரப் போகிறாயா, எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறாயா என்று எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சிரித்துவிட்டு மறுபடியும் நூல் நிறத்துக்கே வந்துவிடுவார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது ஜாக்கெட் தைத்த கையோடு. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. நான் வீட்டில் பக்கத்துத் தெருப் பெண்களுக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். சீட் கடை டெய்லர் ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனவர், அங்கேயே ஒரு கடையில் சேர்ந்துகொண்டு திரும்பி வரவில்லை. முதலாளி சங்கர ராஜா எங்கள் வாசலில் வந்து நின்று, ஜாக்கெட் தைக்கிற பெண்ணுக்கு வளைவு தெரியும், கடைக்கு வருகிறாயா என்று என் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே கேட்டார். போனேன். முதல் இரண்டு வருஷம் விரலில் ஊசி ஏறியதும் அழுததும்தான் அதிகம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

முதலாளியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. தைத்து முடித்த சீட்டைக் கொண்டுபோய் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். புறங்கையால் தையலோரமாக மெதுவாகத் தடவிக்கொண்டே போவார். உள்ளங்கை பொய் சொல்லும், வேலை செய்து காய்த்துப்போயிருக்கும், புறங்கைக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது அவர் கணக்கு. எங்கேயாவது ஒரு மேடு தட்டினால் கை நின்றுவிடும். கண்ணைத் திறக்காமலேயே "விப்பு" என்பார். அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. விப்பு என்றால் அவிழ் என்று அர்த்தம். மேடு இல்லையென்றால் கண்ணைத் திறந்து, டீ சொல்லச் சொல்வார். அந்த டீதான் எங்களுக்குப் பாராட்டு.

விப்பு என்ற சொல்லுக்கு நாங்கள் ஏன் அப்படிப் பயந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். துணியில் தையலைப் பிரித்தால் ஊசி போன ஓட்டை மூடிக்கொள்ளும். ரெக்சினில் மூடாது. ஒருமுறை குத்தினால் குத்தியதுதான். அதனால் அவர் அவிழ் என்றால் அந்தத் துண்டையே தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து வெட்ட வேண்டும். ரெக்சின் அவருடையது, நஷ்டமும் அவருடையது. அதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. புது சீட் செய்யும் முன்னால் பழைய சீட்டின் மேல் கோலமாவைத் தூவி, வண்டிக்காரரை ஏறி உட்காரச் சொல்வார். காலை ஊன்று, முன்னால் சாய், பிரேக் மிதி என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லிவிட்டு இறக்குவார். மாவு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உடம்பு அழுத்துகிறது. அதைப் பார்த்து மார்க்கரில் கோடு போட்டால்தான் நுரையில் கத்தியை வைப்போம். நாங்கள் போம் என்று சொல்கிற அந்த நுரைப் பஞ்சு, வெட்டினால் ஒட்டாது. பின்பக்கமெல்லாம் வெள்ளையாகக் கடைவீதியில் நடந்துபோகிற ஆட்களைப் பார்த்தால், சங்கர ராஜா கடையில் அளவு கொடுத்துவிட்டு வருகிறார் என்று ஊரே புரிந்துகொள்ளும்.

வீட்டிலேயே செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்காக ஒரு கதை சொல்கிறேன். சோழபுரத்துப் பையன் ஒருவன், இங்கே பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் வேலை. பையன் என்றால் கல்யாண வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் பைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருந்தான். டேங்குக்கு அவனே பெயிண்ட் அடித்திருந்தான், அதில் எனக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை. சீட்டுக்கு என்ன போடலாம் என்று யோசித்திருக்கிறான். நாள் முழுக்கக் கையில் புரளுகிற மருத்துவப் பஞ்சு வெண்ணெய் மாதிரி இருக்கிறதே என்று அதையே வாங்கிவந்து பழைய நுரைக்குப் பதிலாகத் திணித்துத் தைத்துவிட்டான். உட்கார்ந்தால் அவ்வளவு சுகமாம். அந்த வண்டியில்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்கப் போனான்.

வழியில் பத்து நிமிஷம் மழை. மரத்தடியில் ஒதுங்கி, மழை விட்டதும் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்திருக்கிறான். மேலே காய்ந்துதான் இருந்தது. உள்ளே போன தண்ணீர் முழுவதும் பஞ்சுக்குள் காத்துக்கொண்டிருந்தது. பெண் வீட்டில் நாற்காலி போட்டார்கள். காபி குடித்துவிட்டு எழுந்தபோது நாற்காலியில் குளம். பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டதாம். மறுநாள் சீட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து நின்றான். நான் அதை ஒரு அமுக்கு அமுக்கினேன், என் சேலை நனைந்துவிட்டது. முதலாளி சிரிக்கவில்லை. "தண்ணி குடிக்கன்னே செஞ்ச பஞ்சுடா அது. குடிக்காம என்ன செய்யும்?" என்று மட்டும் சொன்னார். வேறு ஊர்க்காரன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது, வேறு எங்கே அந்தப் பஞ்சு அப்படிக் கொட்டிக் கிடக்கிறது? நுரை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதற்கு மேல் உறை போட்டுக் கொடுத்தேன். தையல் ஓட்டை வழியாக இறங்குகிற தண்ணீரை அந்தத் தாள்தான் நிறுத்தும். வீட்டில் செய்கிறவர்கள் எதை மறந்தாலும் தாளை மறக்க வேண்டாம். கல்யாணமும் அந்தப் பெண்ணோடேயே நடந்தது. எனக்குப் பத்திரிகை வைத்தான், போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இனி முத்துமாரிக்குச் செய்த சீட். என் வேலையில் நான் பயந்து செய்தது அது ஒன்றுதான்.

நான் வேலையை விடுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. முதலாளி கடையை மகனிடம் கொடுத்துவிட்டாலும் தினமும் வந்து தன் நாற்காலியில் உட்காருவார். ஒருநாள் மத்தியானம், இரண்டு பக்கமும் காலிப் பால் கேன் தொங்க, பெரிய பைக் ஒன்றை ஒரு பெண் ஓட்டிக்கொண்டு வந்தாள். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, உள்ளே பேண்ட். ஆள் குள்ளம், என் காதளவுக்குத்தான் வருவாள். தெருவில் நிறுத்தவில்லை. நேராக எங்கள் கடைப் படியை ஒட்டிக் கொண்டுவந்து, இடது காலைப் படியில் வைத்துத்தான் வண்டியை நிறுத்தினாள். எனக்கு அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்குக் கால் எட்டவில்லை.

கான்சாபுரத்துக்காரி. புருஷன் குருசாமி, அந்தப் பக்கத்து வீடுகளில் பாலை வாங்கி, பைக்கின் இரண்டு பக்கமும் பெரிய கேன்களைத் தொங்கவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற ஒருவருக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறவர். வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து படுத்துவிட்டார். எழுந்திருக்க மாதக்கணக்காகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முத்துமாரிக்கு வண்டி ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் கண்மாய்க் கரையில் விளையாட்டாக அவரே கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் எடுத்துக் கொடுத்திருந்தார். வெறும் வண்டி என்றால் ஓட்டிவிடுவாள். கேனோடு நிறுத்தத்தான் முடியவில்லை.

அதுவரை பாலை வாடகை ஆட்டோவில் அனுப்பியிருக்கிறாள். வாடகைக்கே சரியாகப் போயிற்று, பாலும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு தடவை திரிந்துபோனது. பால்கோவாக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாலுக்காக எத்தனை நாள் காத்திருப்பார்? வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வேனில் பால் எடுக்கிற ஒருவர், அந்த வீடுகளின் பாலையும் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் பேசியிருந்தார். இந்த வாரம் பார்க்கிறேன், அதற்குப் பிறகு வேனுக்குச் சொல்லிவிடுவேன் என்று பால்கோவாக்காரர் சொல்லிவிட்டார். வாரத்தில் இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி.

"ஒருக்கா வேன்ல ஏறுன பாலு திரும்ப நம்ம கேனுக்கு வராதுக்கா. அவிய எந்திரிச்சு வாரப்போ ஓட்டுறதுக்கு வண்டி இருக்கும், ஊத்துறதுக்குப் பாலு இருக்காது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஸ்கூட்டர் வாங்கேன் என்று சொன்னவர்கள் பலர். ஸ்கூட்டரில் அந்தக் கேன்களைத் தொங்கவிட முடியாது, வாங்கப் பணமும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மெக்கானிக் பின்சக்கர ஸ்பிரிங்கைக் கட்டையாக்கி வண்டியைத் தாழ்த்திக் கொடுத்தார். பாரம் ஏற்றியதும் ஒவ்வொரு வேகத்தடையிலும் சைலன்ஸர் தரையைத் தேய்த்தது. சைடு ஸ்டாண்டும் நெட்டுக்குத்தாக நின்று வண்டியை அந்தப் பக்கம் தள்ளப் பார்த்தது. அதை மறுபடி பழையபடி ஆக்கிக்கொண்டு, கடைசி வழியாக எங்களிடம் வந்திருந்தாள். அதுவரை கால் வைக்கக் கல்லோ திண்டோ இருக்கிற இடமாகப் பார்த்தே நிறுத்திப் பழகியிருந்தாள். பால்கோவா போடுகிற சந்தில் அப்படி ஒன்றும் இல்லை, சாய்வான சிமெண்ட் தரைதான்.

வேலையைத் தொடங்கும் முன் குருசாமிக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "வண்டியில என்ன வேணாலும் செய்யுங்க. சீட்டுல மட்டும் கத்திய வைக்காதிய." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பெண்டாட்டி விழுந்தாலும் பரவாயில்லை, சீட் விழக்கூடாதாக்கும் என்று வாய்வரை வந்தது. முத்துமாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவியளுக்கு இப்பம் அது ஒண்ணுதாங்க்கா" என்றாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கட்டிலில் கிடக்கிற மனிதர். அந்த சீட் தன் உயரத்துக்கு அப்படியே இருந்தால்தான் தான் மறுபடி ஏறப்போகிறோம் என்று அவரால் நம்ப முடியும். உங்கள் சீட்டைத் தொட மாட்டேன் என்று போனில் வாக்குக் கொடுத்தேன்.

தென்காசி ரோட்டில் பழைய இரும்புக் கடையில் தேடி, அதே மாடல் சீட் ஒன்றைக் கண்டுபிடித்தேன். நுரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடித்தட்டு முன்பக்கம் விரிசல் விட்டிருந்தது. அதனால் என்ன, வண்டியில் மாட்டுகிற கொக்கிகள் நன்றாக இருந்தன. விரிசலுக்குத் தகரத் துண்டு வைத்து ரிவெட் அடித்தோம். நுரையை ஒரு பழைய கார் சீட்டிலிருந்து எடுத்தேன். குறைந்த செலவு என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்களே, அதைவிடக் குறைவாக நான் ஒரு சீட் செய்ததில்லை.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கேனில் தண்ணீர் நிரப்பிக் கட்டு, எப்படி விழுகிறது என்று முதலில் பார்ப்போம் என்றார். பாலுக்குப் பதில் தண்ணீர், பால்காரிக்கு அது பழக்கம்தானே என்று ஒரு குத்தும் குத்தினார். முத்துமாரி விடவில்லை. "நாங்க ஊத்துறதில்ல ஐயா. வாங்கிட்டுப் போறவியதான் ஊத்துறாவ" என்றாள். அவர் டீ சொல்லச் சொன்னார். வேலை முடியும் முன்னால் அவர் டீ சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

ஆபத்து எங்கே என்பது அப்போதுதான் கண்ணால் தெரிந்தது. இரண்டு பக்கமும் கேன் நிறைந்திருக்கும்போது பெரிய ஸ்டாண்டு போட ஒரு ஆள் பலம் போதாது. சைடு ஸ்டாண்டு அந்தப் பாரத்துக்கு வளையும். அதனால் ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்து காலால் தாங்க, இன்னொருவர் கேன்களைக் கழற்ற வேண்டும். ஒரு கேனைத் தூக்கிய நொடியில் முழுப் பாரமும் எதிர்ப்பக்கம் சாயும். முதலாளி இடது கேனைத் தூக்கினார். முத்துமாரியின் வலது கால் நுனி விரலில் ஒரு கணம் நின்றது. அப்புறம் வண்டி, கேன், அவள் எல்லாம் சேர்ந்து சாய்ந்தன. மூன்று பேர் பிடித்தோம். கடை முழுக்கத் தண்ணீர். பாலாக இருந்திருந்தால் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அடுத்து கோலமாவு. அவள் ஏறி, காலைக் கீழே எட்டி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள். நான் குனிந்து பார்த்தேன். நடுவில் மாவு கொஞ்சம்தான் அழிந்திருந்தது. முன்பக்கத்து இரண்டு மூலையும் துடைத்துவைத்தது போல் கறுப்பாக இருந்தன. காலைக் கீழே விடும்போது தொடையை அந்த மூலைகள் அகட்டிப் பிடிக்கின்றன. அகட்டிய காலுக்கு எட்டாத தரை, நேராக இறங்குகிற காலுக்கு எட்டும். எல்லாரும் அவளுடைய குள்ளத்தையே பார்த்துக்கொண்டு வண்டியின் உயரத்தைக் குறைத்தார்கள். குறைக்க வேண்டியது சீட்டின் அகலம்.

மறுநாள் காலையில் அவள் மறுபடி வந்ததும், இரும்பு அறுக்கிற பிளேடை சோப்புத் தண்ணீரில் தோய்த்து முன் மூலைகளைச் சீவினேன். உளுந்தவடைக் கனத்துக்கு ஒரு சீவல், ஏறி உட்காரச் சொல்லிப் பார்ப்பது, மறுபடி ஒரு சீவல். அடியில் கெட்டி நுரை, மேலே மெத்து நுரை, நடுவில் சொல்யூஷன் பசை. உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, தாள் சுற்றினேன். ரெக்சினை வெயிலில் போட்டு இளக்கி, முதலில் முன்பக்கத்து மூக்கு, அடுத்து பின்பக்கத்து வால், கடைசியாகப் பக்கங்கள் என்று இழுத்து அடித்தட்டில் பின் அடித்தேன். மாட்டி உட்கார வைத்தோம். இரண்டு பாதமும் தரையில் பட்டன. முத்துமாரி குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் கேன்களோடு கண்மாய் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். போதும் அக்கா, இருட்டுமுன் ஊருக்குப் போகிறேன், நாளைக்குத்தான் கடைசி நாள் என்றாள்.

முதலாளி சீட்டைத் தடவவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். போகும்போது சீட்டின் நடுவில் இருந்தவள் வரும்போது டேங்கில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"விப்பு" என்றார்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. மணி மூன்று தாண்டிவிட்டது. முத்துமாரி அவர் காலில் விழாத குறையாகக் கேட்டாள். நானும் அவளுக்காகப் பேசினேன். அவர் சத்தம் போடவில்லை. "மூக்கச் சீவினதுல சீட்டு முன்னால சரிஞ்சிருச்சு ரோஸு. பிரேக் புடிக்கும்போது இந்தப் பிள்ள டேங்க்ல போய் முட்டுது. நெறஞ்ச கேன் பின்னால இருந்து தள்ளும். விழுந்தபொறவு கால் எட்டி என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் கோபமாக வந்தது.

உறையைப் பிய்த்தேன். சரிவைச் சரிசெய்யப் பின்னால் உயர்த்தினால் அவளும் உயர்ந்துவிடுவாள், கால் எட்டாது. அதனால் உயர்த்தாமல், அவள் உட்காருகிற இடத்தில் ஒரு தட்டு அளவுக்குப் பள்ளம் எடுத்தேன். பள்ளத்தின் அடியில் பின்பக்கம் சாய்வாகக் கெட்டி நுரையைப் பதித்தேன். உட்கார்ந்தால் உடம்பு தானாகப் பின்னால் போய்ப் பொருந்தும். ஜாக்கெட்டுக்கு டக் பிடிக்கிற மாதிரி பள்ளத்தைச் சுற்றிப் புது ரெக்சினில் மடித்து டக் பிடித்துத் தைத்தேன். அந்தத் தையலை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு குத்தாகப் போட்டேன். இன்னொரு ரெக்சின் வெட்ட நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதலாளி கண்ணை மூடினார். புறங்கை மூக்கிலிருந்து புறப்பட்டு, பள்ளத்தைச் சுற்றி வந்து, வாலில் முடிந்தது. கண்ணைத் திறந்தார். டீ சொல்ல நேரம் இல்லை, வண்டியில் மாட்டு என்றார். மறுபடி தண்ணீர்க் கேன், மறுபடி கண்மாய் ரோடு. இந்தத் தடவை போகும்போது இருந்த இடத்திலேயே உட்கார்ந்து வந்தாள். அவர் இடது கேனைத் தூக்கினார். வண்டி வலப்பக்கம் லேசாக அசைந்தது, நின்றது. குருசாமியின் சீட்டைப் பழைய போர்வையில் சுற்றி அவள் முதுகில் கட்டிவிட்டேன். பொழுது சாயுமுன் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலையில் நான் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். போய்ப் பார்த்துவிட்டு வா என்று முதலாளிதான் சொன்னார். சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். பால்கோவா போடுகிற சந்தில் விறகுப் புகையும் சீனிப்பாகு வாசனையும் அப்பிக் கிடந்தன. பெரிய சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பால்கோவாக்காரர் வாசலில் நின்று செல்போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். வேன்காரர் ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டார் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர்க் கேனில் நின்றது பால் கேனில் நிற்குமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. தண்ணீர் கொட்டினால் துடைத்துவிடலாம், இது ஒரு ஊருடைய காலைப் பால்.

சந்து முனையில் வண்டிச் சத்தம் கேட்டது. முத்துமாரி மெதுவாகத் திரும்பினாள். இரண்டு பக்கமும் நிறைந்த கேன். தரை அங்கே சாக்கடைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கால் வைக்க ஒரு கல்கூட இல்லை. வாசலுக்கு நேரே வந்து பிரேக் பிடித்தாள், இருந்த இடத்தைவிட்டு அவள் நகரவில்லை. இடது பாதம் இறங்கியது, வலது பாதம் இறங்கியது. அடுப்படியில் வேலை பார்க்கிற ஆள் வந்து, எப்போதும் குருசாமிக்குச் செய்வது போல ஒரு வார்த்தை சொல்லாமல் இடது கேனைச் சட்டென்று தூக்கிவிட்டார். வண்டி சாக்கடைப் பக்கம் சாய்ந்தது. அவளுடைய வலது முழங்கால் ஒரு கணம் மடங்கி, இறுகி, நிமிர்ந்தது. வண்டி நின்றது. அந்த ஆள் சுற்றிவந்து வலது கேனையும் இறக்கினார்.

பால்கோவாக்காரர் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேனைத் திறந்து, பால் பார்க்கிற கருவியை உள்ளே விட்டு, எடுத்துப் பார்த்தார். "பாலு நல்லாருக்கும்மா. நாளைக்குச் செத்த வெரசா வந்துரு" என்றார். பிறகு சந்தோரமாகப் போய் வேன்காரருக்குப் போன் போட்டு, வேண்டாம் அண்ணாச்சி, ஆள் வந்துவிட்டது என்று சொன்னது எனக்குக் கேட்டது. உள்ளே பால் சட்டியில் விழுகிற சத்தமும் கேட்டது.

முத்துமாரி இன்னும் வண்டியிலேயே இருந்தாள். கேனும் இல்லை, பாரமும் இல்லை. ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கு தாயி, ஒரு வாய் காபி குடிப்போம் என்றேன். அவள் ஹேண்டில்பாரை விடவில்லை. இரண்டு பாதத்தையும் சிமெண்டில் அழுத்தி வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இறங்குதேன்க்கா. செத்த நேரம் இப்படியே நின்னுக்கிடுதேன்" என்றாள்.